ஏழாம் நம்பர் பம்பின் கறுப்புப் புள்ளி

அத்தியாயம் 9

"நாலு மணிக்குள்ள," என்றாள் நர்ஸ், உட்காரக்கூடத் தோன்றாமல். "நாலு மணிக்குள்ள அந்தப் படத்தைக் கொண்டு வரணுமாம் மேடம். இல்லாட்டி ரிப்போர்ட்டே செல்லாதுன்னு லெட்டர் வந்திருக்கு."

அண்ணி லெட்டரை வாங்கிப் படித்தாள். நான் மணியைப் பார்த்தேன். பதினொன்று பத்து. நல்ல நாளாக இருந்தால் அந்த நேரத்துக்கு அண்ணியின் துப்பறியும் அலுவலகத்தில் நான் இரண்டாவது டீயைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பேன். நல்ல நாள் வந்து மூன்று வாரம் ஆகிறது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. அண்ணன் கப்பலில் இன்ஜினியர். வருஷத்தில் ஒரு மாதம் வீட்டில் இருப்பான். மீதிப் பதினொரு மாதமும் அண்ணியிடம் அகப்பட்டுக்கொண்டு விழிப்பவன் நான். அவள் யோசிப்பாள், நான் கார் ஓட்டுவேன். அவள் கேள்வி கேட்பாள், யாரும் கேட்காத கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்வேன். இதற்கு உதவியாளர் என்று பெயர் வைத்து விசிட்டிங் கார்டும் அடித்துக் கொடுத்திருக்கிறாள்.

கேஸ் இதுதான். ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார் ஒருவர், ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் படுக்கை. அவருக்கு ஒரு மருந்தை மணிக்கு ஐந்து மில்லி வீதம் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். அந்த வேலையைச் செய்வது சிரிஞ்ச் பம்ப் என்கிற சின்ன மெஷின். நம்பர் ஏழு. காலை பத்து மணிக்கு நர்ஸ் 'ஐந்து' என்று அழுத்திவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனாள். பதினொன்றுக்குத் திரும்பி வந்தால், பத்து மணி நேரத்துக்கான மருந்து மொத்தமும் இறங்கியிருந்தது. வாத்தியார் கண்ணைத் திறக்கவில்லை.

ஐம்பது என்று அழுத்திவிட்டாள் என்கிறது பம்ப் கம்பெனி. ஐந்துதான் அழுத்தினேன் என்கிறாள் நர்ஸ். அழுத்தியது எதுவென்று உள்ளே பதிந்து வைக்கிற வசதி அந்தப் பழைய மாடலில் கிடையாது. அன்று மாலை ஐந்து மணிக்குப் பம்புக்கு சீல் வைத்தார்கள், அவளை சஸ்பெண்ட் செய்தார்கள். இன்றைக்கு விசாரணை. தப்பு அவளுடையது என்று முடிவானால் வேலை போகும், லைசென்ஸ் போகும், போலீஸ் வரும்.

அவளுக்கு இருந்த ஒரே பிடிமானம் ஒரு கறுப்புப் புள்ளி. பம்புக்குள் இருந்த சிப்பை லேசர் போட்டுப் பார்த்த லேப், 'இந்த இடத்தில் பழுது' என்று ஒரு புள்ளியைக் காட்டி ரிப்போர்ட் கொடுத்திருந்தது. பத்தொன்பது நாளாக அவள் அந்தப் புள்ளியை நம்பித்தான் சாப்பிட்டாள், தூங்கினாள்.

"சிப்புக்குக் கரண்ட் கொடுக்கிறதுக்கு முன்னாடி எடுத்த படம் எங்கேன்னு கம்பெனிக்காரன் கேக்கிறான்," என்றாள் அண்ணி. "நம்மகிட்ட இருக்கிறது மூணு படம். மூணுமே கரண்ட் கொடுத்து எடுத்தது. கேள்வி நியாயமானதுதான்."

"அண்ணி, அவங்களுக்காக நியாயம் பேச அவங்க வக்கீல் இருக்கார். இருக்கிற ரிப்போர்ட் நம்ம பக்கம் இருக்கு. அதைக் கிளறாம இருக்கிறதுதான் நமக்கு நல்லது."

"நாம கிளறலைன்னா அவங்க கிளறுவாங்க கொழுந்தனாரே."

கோபம் வந்தாலும் கிண்டல் வந்தாலும் நான் கொழுந்தனார். இப்போது வந்தது எது என்று தெரியவில்லை.

அண்ணி முதல் போட்டோவை மேசையில் வைத்தாள். சிவப்பாக ஒளிரும் சதுரம், அதில் மிளகு அளவுக்குக் கறுப்பு. சிப் படத்தில் நேராகக்கூட உட்காரவில்லை. இடது பக்கம் தள்ளி, ஒரு ஓரம் வெட்டுப்பட்டு இருந்தது. அவள் போட்டோவை நீளவாக்கில் ஒரு மடிப்பு மடித்தாள், அப்புறம் குறுக்கே ஒரு மடிப்பு. பிரித்தாள்.

இரண்டு மடிப்பும் சந்திக்கிற இடத்தில், சொல்லிவைத்தாற்போல், கறுப்புப் புள்ளி.

"தேடுறதுக்காக எடுத்த முதல் படம் இது," என்றாள். "சிப்பே கோணலா இருக்கு. பழுது மட்டும் எப்படி படத்துக்கு நட்ட நடுவுல வந்து உட்கார்ந்தது?"

எனக்கு அது பிடிக்கவில்லை. நர்ஸின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குப் புரியவில்லை. புரியாமல் இருந்ததே நல்லது என்று பட்டது.

அந்த நேரத்தில் வாசலில் எங்கள் அழைப்பு மணி கணீரென்று அடித்தது. ஒரு மாதமாக இருமிக்கொண்டிருந்த மணி அது. எட்டிப் பார்த்தேன். நர்ஸின் தம்பி ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். அவளை ஸ்கூட்டரில் அழைத்து வந்தவன். அதே ஆஸ்பத்திரியில் மெஷின்களைப் பழுது பார்க்கிற மெக்கானிக். முப்பது வயது, நாலு நாள் தாடி.

"லூசா இருந்துச்சு சார். சும்மா நிக்கிறதுக்கு முடுக்கி விட்டேன்." சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து பச்சை ஹைலைட்டர் பேனாவை எடுத்து, மணியின் மூலையில் ஒரு பொட்டு வைத்தான்.

"இது எதுக்குப்பா? கண் படாம இருக்கவா?"

"பார்த்து முடிச்சதுக்கு அடையாளம் சார். இல்லாட்டி ஒரே வேலையை மறந்துபோய் ரெண்டு தடவை பிரிச்சுடுவேன்."

"தொட்டதுக்கெல்லாம் பொட்டு வெச்சிடுவான் சார்," என்றாள் நர்ஸ். பல நாளுக்குப் பிறகு அவள் குரலில் லேசாகச் சிரிப்பு. "வீட்டுல மிக்ஸி, ஃபேன், எல்லாத்துலயும். இதோ பாருங்க, என் போனையும் விடல." போனின் முதுகில் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பொட்டு இருந்தது.

"கொஞ்சம் அசந்தா என் நெத்தியிலயும் வெச்சிடுவார் போல," என்றேன். அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"லேபுக்குப் போறோம். சிப்பை மறுபடி பார்க்கணும்," என்றாள் அண்ணி.

"எதுக்கு மேடம்? ரிப்போர்ட் சரியாத்தானே இருக்கு?" என்றான் தம்பி.

நான் சொன்னதையே அவனும் சொன்னதால் அவனை எனக்குப் பிடித்துப்போனது. எனக்குப் பிடித்தவர்களின் பட்டியலை ஒரு நாள் அண்ணி பிரேம் போட்டு மாட்டப் போகிறாள், எச்சரிக்கைக்காக.

லேப் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னல் இல்லை, இருந்த ஒரு துவாரத்துக்கும் கறுப்புத் துணி. லேசர்காரர் ஒல்லியான மனிதர். அவருக்கு நாலு முழக் கறுப்புக் கோட்டு. அவர் பேசும்போது பல் மட்டும் தெரிந்தது.

"சிப்புல பழுது எங்கே இருந்தாலும் அந்த இடம் சுடும்," என்றார். "ஆனா சுடுறது கண்ணுக்குத் தெரியாது. அதனால மேல ஒரு சாயத்தைப் பூசுறேன். லேசர் பட்டா அந்தச் சாயம் சிவப்பா ஒளிரும். சூடான இடத்துல மட்டும் ஒளி மங்கிடும். காய்ச்சல் இருக்கான்னு நெத்தியில கை வெச்சுப் பார்க்கிற மாதிரி, அவ்வளவுதான்."

சாயம் சீராகப் பூசியிருக்கிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு சின்ன டார்ச் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஊதா ஒளி அடிக்கிற டார்ச். அதை அவர் எதேச்சையாகத் திருப்பியதும் என் வெள்ளைச் சட்டை பளீரென்று நீலத்தில் மின்னியது.

"சலவைத்தூள்ல ஒளிரும் சாயம் இருக்கு சார்," என்றார்.

"தோய்ச்சது நான். பெருமை சலவைத்தூளுக்கா?" என்றேன். இருட்டில் யாரும் சிரிக்கவில்லை.

அண்ணி மடித்த போட்டோவை அவர் முன் நீட்டினாள். "உங்க லேசர் வேலை செய்யாம சும்மா நிக்கும்போது எந்த இடத்துல நிக்கும்?"

"படத்துக்கு நடுவுல."

"சாயத்து மேல ஒரே இடத்துல ரொம்ப நேரம் நின்னா?"

அவர் மடிப்புகள் சந்திக்கிற இடத்தைத் தடவிப் பார்த்தார். "வெளுத்துடும். வெயில்ல கிடக்கிற துணி மாதிரி. அந்த இடம் அப்புறம் ஒளிராது. கறுப்பாத்தான்..." அதோடு நின்றுவிட்டார்.

"அன்னிக்கு என்ன ஆச்சு?"

"வீட்டுல இருந்து போன்," என்றார் லேசர்காரர். குரலில் இருந்த கம்பீரம் எல்லாம் எங்கோ போய்விட்டது. "தண்ணி மோட்டார் ஓடலைன்னு. எந்த வால்வைத் திருகணும், எங்கே தண்ணி ஊத்தணும்னு ஒவ்வொண்ணா சொல்லிட்டிருந்தேன். இருபது, இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கும். லேசரை மறைக்கிற ஷட்டரை மூடினேன்னுதான் நினைச்சேன். கரண்ட் இல்லாத படத்தை முதல்ல எடுக்கணும். அன்னிக்கு வரிசையில இன்னும் ஏழு வேலை. அதை விட்டுட்டேன்."

"இப்ப எடுங்க."

சிப் அதன் மூடி கரைக்கப்பட்டு, இருந்த பலகையோடு அப்படியே லேசரின் கீழே படுத்திருந்தது. அவர் கரண்டைத் துண்டித்தார். பழுதால் வந்த சூடு என்றால், கரண்ட் போனதும் புள்ளி மறைய வேண்டும். திரையில் சிவப்புச் சதுரம் வந்தது. நர்ஸும் தம்பியும் சேர்த்து நாங்கள் ஐந்து பேரும் அதைப் பார்த்தோம்.

புள்ளி மறையவில்லை. இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

"அப்படின்னா?" என்றாள் நர்ஸ்.

லேசர்காரர்தான் சொன்னார். "அது பழுது இல்லம்மா. என் லேசர் போட்ட ஓட்டை."

பழைய சாயத்தைக் கழுவி, புதுசாகப் பூசி, காய வைத்து, மறுபடி பார்க்க வேண்டும் என்றார். ஒரு மணி நேரம் ஆகும். தம்பி டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போனான். நான் அண்ணியை நடைபாதைக்கு இழுத்தேன்.

"அண்ணி, போதும். இதோட நிறுத்திடலாம். அந்தப் புள்ளியை நம்பித்தான் அவங்க நடமாடிட்டிருந்தாங்க. அதைப் பிடுங்கிட்டோம். இன்னும் என்ன?"

"உண்மையான பழுது வேற இடத்துல இருந்தா? அதைக் கண்டுபிடிச்சா யாராலயும் அசைக்க முடியாது."

"இல்லாட்டி?"

பதில் இல்லாதபோது அண்ணி மூக்குக்கண்ணாடியைத் துடைப்பாள். இப்போது இரண்டு பக்கமும் துடைத்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து துடைத்தாள்.

இரண்டரை மணிக்குப் புதுப் படம் வந்தது. முதலில் கரண்ட் இல்லாமல். பிறகு கொஞ்சம் கொடுத்து. பிறகு நிறைய. மூன்றிலும் மூலை முடுக்கெல்லாம் ஒரே சிவப்பு. ஒரு புள்ளி இல்லை, ஒரு கீற்று இல்லை.

"நல்ல சிப்பு," என்றார் லேசர்காரர், துக்க வீட்டில் பேசுகிற குரலில்.

நர்ஸ் சுவரோரமாக இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். தன் வலது கையின் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். "அப்ப நான்தானா மேடம்? அஞ்சுக்குப் பக்கத்துல பூஜ்யத்தை நான்தான் அழுத்திட்டேனா? வாத்தியார் தினமும் என் கையைப் படம் வரைவார். டெம்பரேச்சர் சார்ட்டுக்குப் பின்னாடி. கை நடுங்காத நர்ஸுன்னு எழுதுவார். அந்தக் கையாலயேவா?"

அண்ணி மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக் குனிந்தே இருந்தாள். தன் கெட்டிக்காரத்தனத்தாலேயே கட்சிக்காரரைக் கவிழ்த்துவிட்டோம் என்று குறுகிப்போய்க் குனிந்திருக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கே பாவமாக இருந்தது.

"இந்தப் பம்புக்கு என்ன வயசு?" என்றாள், குனிந்தபடியே.

"ஆறு வருஷம்," என்றாள் நர்ஸ், யாருக்கோ சொல்வதுபோல.

"பலகையில மத்த சிப்போட கம்பிக் காலெல்லாம் மங்கிப் போயிருக்கு. இந்தச் சிப்போட கால் மட்டும் நேத்து வாங்கின ஸ்பூன் மாதிரி பளபளக்குது. ஏன்?" லேசர்காரர் பக்கம் திரும்பினாள். "உங்க கேமராவுக்கு முன்னாடி இருக்கிற கண்ணாடி சிவப்பை மட்டும்தானே விடும்? அதைக் கழட்டுங்க. வேற எதாவது ஒளிருதான்னு பார்ப்போம்."

அவர் கழற்றினார். லேசரைச் சிப்பிலிருந்து நகர்த்திப் பலகை முழுவதும் ஓட்டினார். சிப்பின் கால்களைச் சுற்றி வெளுத்த நீலத்தில் ஒரு கறை ஒளிர்ந்தது.

"சால்டர் பண்றப்ப ஈயம் பிடிக்கத் தடவுற பசை," என்றார். "ஃபேக்டரியில கழுவிடுவாங்க. இது கையால வெச்ச வேலை. அதுவும் புதுசு. இந்தச் சிப்பை யாரோ மாத்தியிருக்காங்க."

"இன்னும் கொஞ்சம் கீழ."

பலகையின் மூலையில், சிப்புக்கு ஒரு விரல் தள்ளி, ஒரு பச்சை வட்டம் எரிந்தது. ஓரம் கலைந்து, துடைத்த மாதிரி இழுபட்டு, ஆனாலும் வட்டம்.

"இது என் சாயம் இல்ல," என்றார் லேசர்காரர். "என்னோடது சிவப்பு." வெறும் கண்ணுக்கு அந்த இடத்தில் என்ன தெரிகிறது என்று பார்க்க டார்ச்சைத் தேடி எடுத்தார். அதன் ஒளி அறையைச் சுற்றி வந்து ஒரு கணம் நர்ஸின் மடியில் விழுந்தது.

மடியில் அவள் போன் கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகில் அதே பச்சை எரிந்தது.

நான் அதைப் பார்த்தேன். அண்ணி அதைப் பார்த்தாள். நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, கடைசியாகக் குனிந்து தன் மடியைப் பார்த்தாள். அப்புறம் போனை மெதுவாக நிமிர்த்தி வைத்தாள், ஏதோ குழந்தையின் வாயைப் பொத்துகிற மாதிரி.

கதவு திறந்தது. "டீ," என்றான் தம்பி. ஒரு கையில் ஃபிளாஸ்க், ஒரு கையில் காகிதக் கோப்பைகள்.

"ஏழாம் நம்பரைத் தொட்டியாடா?" என்றாள் நர்ஸ்.

அவன் ஃபிளாஸ்க்கைக் கீழே வைக்க இடம் தேடினான். இடம் இருந்தது. அவனுக்குத்தான் தெரியவில்லை. நான் வாங்கி வைத்தேன்.

"புதுச் சிப்பு கேட்டு ரெண்டு மாசமா எழுதிட்டிருந்தேன்க்கா," என்றான். "வரல. பம்ப் இல்லை, பம்ப் இல்லைன்னு வார்டுல தினம் திட்டு. ஸ்டோர்ல கழிச்சுக்கட்டின பம்ப் ஒண்ணு கிடந்துச்சு, ரெண்டு சிரிஞ்ச் மாட்டுற மாடல். அதுல இருந்து ரெண்டு சிப்பு எடுத்தேன். டெஸ்ட் பண்ணப்ப நல்லாத்தான் ஓடிச்சு. ஏழுல போட்டு ரெண்டே நாள்ல வாத்தியார் போயிட்டார். அன்னிக்குக் காலையிலதான்க்கா புதுச் சிப்பு பார்சல் வந்துச்சு. ஒண்ணே ஒண்ணு. சீல் வைக்கிறதுக்கு முன்னாடி பம்ப் என் ரூம்லதான் இருந்தது. பழசைப் பிடுங்கிட்டு புதுசை வெச்சுட்டேன். பழக்கத்துல பொட்டும் வெச்சுட்டேன். அப்புறம்தான் உறைச்சுது. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன்."

"பழைய சிப் எங்கே?" என்றாள் அண்ணி.

"ஆஸ்பத்திரிக் கழிவு எரிக்கிற உலையில போட்டுட்டேன்."

ஆக, உண்மையான கறுப்புப் புள்ளி இருந்த ஒரே சிப்பு சாம்பலாகிவிட்டது. எங்கள் கையில் இருந்தது ஒரு நாள்கூட ஓடாத சிப்பு. அதில் ஆயுசுக்கும் தேடியிருந்தாலும் ஒன்றும் கிடைத்திருக்காது.

"பம்புல ஒண்ணும் இல்லைன்னு வந்தா காரணம் தெரியலைன்னு மூடிடுவாங்கன்னு நினைச்சேன்க்கா. உன் மேல திருப்புவாங்கன்னு சத்தியமா தெரியாது. லேப்ல பழுதுன்னு ரிப்போர்ட் வந்தப்ப எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. புதுச் சிப்புல எப்படிப் பழுதுன்னு. ஆனா நீ தப்பிச்சுட்டேன்னு இருந்தேன்."

நர்ஸ் அவனைத் திட்டவில்லை. "அப்ப நான் அஞ்சுதான் அழுத்தியிருக்கேன்," என்றாள்.

"ஆமாக்கா."

"அஞ்சுதான்." விரலை மறுபடி பார்த்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். பத்தொன்பது நாளில் அந்த முகத்தில் நான் அப்படி ஒரு நிம்மதியைப் பார்த்ததில்லை. பார்க்காமலே இருந்திருக்கலாம்.

"இப்ப இவர் வந்து இதைச் சொன்னா என்ன ஆகும்?" என்று அண்ணியைக் கேட்டேன்.

"அக்காவைக் காப்பாத்தத் தம்பி சொல்ற கதைன்னு சொல்வாங்க. எரிஞ்ச சிப்பைக் காட்ட முடியாது. பலகையில இருக்கிற பொட்டு, இவர் பம்பைத் திறந்தார்னு மட்டும்தான் சொல்லும். பழைய சிப் கெட்டதுன்னு சொல்லாது. ரெண்டு பேரும் மாட்டுவாங்க."

நர்ஸ் எழுந்தாள். கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பாக்கெட்டை எடுத்துக் கிழித்தாள். ஊசி போடுவதற்கு முன் தோலைத் துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சு. சஸ்பெண்ட் ஆன பிறகும் அவள் பையில் அது இருந்தது. பலகையின் முன் நின்று, அந்த மூலையை அழுத்தித் துடைத்தாள். டார்ச்சை அடித்துப் பார்த்தாள். பச்சை இருந்தது. இன்னொரு பஞ்சு. பச்சை இருந்தது.

"எனக்குத் தெரிஞ்சா போதும் மேடம்," என்றாள், துடைத்துக்கொண்டே. "அஞ்சுதான் அழுத்தினேன்னு எனக்குத் தெரிஞ்சா போதும். மத்தவங்க என்ன வேணா எழுதிக்கட்டும். இவனை நான் படிக்க வெச்சது ஜெயிலுக்கு அனுப்பவா?"

"அது ஸ்பிரிட்ல போகாதும்மா," என்றார் லேசர்காரர் தன்னை அறியாமல். "தண்ணியில கரையிற மை அது." சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டார். அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே தண்ணீர் பாட்டில் இருந்தது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். நர்ஸ் கையை நீட்டி அதை எடுத்தாள்.

தடுக்க வேண்டிய ஆள் அண்ணி. அவள் நகரவில்லை. என் வாழ்நாளில் அண்ணி நகராமல் நின்று அன்றுதான் பார்த்தேன். எனக்கோ, அந்தப் பாட்டிலைத் திறந்து கொடுக்கலாமா என்றுகூடத் தோன்றியது. எந்தப் பக்கம் போனாலும் ஒரு வீடு இடியப் போகிறது, நாங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறோம். எங்கள் புத்தி அதற்குத்தான் உதவியது.

அண்ணி தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தணிந்த குரலில்.

"கழிச்சுக்கட்டின பம்புல இருந்து ரெண்டு சிப்பு எடுத்தேன்னு சொன்னீங்க. ஏழுல போட்டது ஒண்ணு. இன்னொண்ணு?"

தம்பி தரையைப் பார்த்தான்.

"இன்னொண்ணு எங்கேடா?" என்றாள் நர்ஸ். தண்ணீர் பாட்டிலின் மூடி அவள் விரலில் பாதி திறந்திருந்தது.

"பதினொண்ணாம் நம்பர் பம்புல."

"பதினொண்ணு ஸ்டோர்ல தானே இருக்கு?"

"ஏழு போயிட்டதால பம்ப் பத்தல. நேத்து வெளிய எடுத்துட்டாங்க. வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க அக்கா. புதுச் சிப்புக்கு மறுபடி எழுதியிருக்கேன். வந்ததும் மாத்திடலாம்னு..."

"எந்தப் படுக்கை?"

"ஒன்பது."

அவள் பாட்டிலை வைத்தது எங்கே என்று அவளுக்கே தெரிந்திருக்காது. என் ஷூவில் தண்ணீர் ஓடியது. போனை ஸ்பீக்கரில் போட்டு வாயருகே பிடித்துக்கொண்டு அறைக்குள் மூன்று அடி முன்னும் மூன்று அடி பின்னுமாக நடந்தாள். ஸ்பீக்கரில் மணி அடித்தது எங்களுக்கும் கேட்டது.

"வார்டு," என்றது ஒரு பெண் குரல்.

"நான்தான்டி பேசறேன். ஒன்பதாம் படுக்கைப் பம்பை நிறுத்து. இப்பவே. மருந்தைக் கையால போடு."

"சிஸ்டர்..." குரல் தயங்கியது. "உங்ககிட்ட பேசக்கூடாதுன்னு ஆர்டர். எனக்குத்தான் பிரச்சினை வரும்."

"அப்புறம் பேசாதே. முதல்ல நிறுத்து."

"டாக்டரைக் கேட்காம எப்படி சிஸ்டர்? காரணம் கேப்பாரே. நல்லாத்தானே ஓடிட்டிருக்கு?"

"ஏழும் நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு!"

"என்ன காரணம்னு சொல்லட்டும்?"

நர்ஸ் நடப்பதை நிறுத்தினாள். தம்பியைப் பார்த்தாள். அவன் சரி என்றும் தலையாட்டவில்லை, வேண்டாம் என்றும் ஆட்டவில்லை. கையில் வெறும் காகிதக் கோப்பைகளைப் பிடித்தபடி நின்றான். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் திருப்பிக்கொண்டேன், ஆனால் காதைத் திருப்ப முடியாது.

"கெட்ட சிப்பு அதுல இருக்கு," என்றாள் நர்ஸ். "கழிச்சுக்கட்டின பம்புல இருந்து எடுத்துப் போட்டது. போட்டது என் தம்பி. ஏழுலயும் அவன்தான் போட்டான். எழுதிக்கோ." பெயரைச் சொன்னாள். எழுத்துக் கூட்டியும் சொன்னாள். "எழுதிட்டியா? இப்பப் போய் நிறுத்து. நான் லைன்லயே இருக்கேன்."

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் ஓடியது. யாரோ எதையோ கீழே போட்டார்கள். நாங்கள் அந்த இருட்டறையில் ஐந்து பேர், சிவப்புச் சதுரம் ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நிறுத்திட்டேன் சிஸ்டர்," என்றது போன். "ஒன்பதாம் படுக்கை அம்மா நல்லா இருக்காங்க. எதுக்கு இவ்வளவு கலாட்டான்னு கேக்கிறாங்க."

"அந்தப் பம்பை யாரும் தொடக்கூடாது. பூட்டி வை," என்றாள் அண்ணி, போனுக்கு அருகே குனிந்து. பிறகு நிமிர்ந்து மெதுவாக என்னிடம் சொன்னாள்: "பதினொண்ணுல இருக்கிற சிப்புல கறுப்புப் புள்ளி இருக்கலாம். நிஜமான புள்ளி. அது அவங்களைக் காப்பாத்தலாம்."

"தம்பியை?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள்.

மணி மூன்றரை. விசாரணைக்கு நேரமாகிவிட்டது. தம்பி கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து அந்தப் பச்சைப் பேனாவை எடுத்து, அதையும் அவற்றின் பக்கத்தில் வைத்தான். ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தான்.

"நானும் வர்றேன்க்கா. நானே சொல்லிடறேன்."

நர்ஸ் தலையசைத்தாள். அவனை நெருங்கி நிமிர்ந்து பார்த்தாள். அறைவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டான்.

"ஹெல்மெட்டைப் போட்டுட்டு ஓட்டு," என்றாள்.